‘ஆறாவது கதிரை’யை எழுதிய விசாலம்

விசாலாட்சி இறந்த செய்தியை எனக்கு வானொலிதான் சொன்னது. காலையில் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டு மரண அறிவித்தல்களை அரைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டை என்ற ஊர்ப் பெயர் வந்ததும் கை நின்றது. ஓய்வுபெற்ற லிகிதர் என்றார்கள், காலஞ்சென்ற இன்னாரின் ஏக புத்திரி என்றார்கள், தர்மலிங்கத்தின் பாசமிகு தங்கை என்றார்கள். இரண்டு நாளைக்கு முன்புதான் வைத்தியசாலையில் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மெலிந்திருந்தாள், ஆனாலும் வாட்டில் கொடுத்த சோற்றைப் பற்றி நையாண்டி செய்துகொண்டுதான் இருந்தாள். அவள் போனதை எனக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘ஏக புத்திரி’ என்ற சொல்லைப் பொறுக்க முடியவில்லை. விசாலம் ஒற்றை மகளாகப் பிறக்கவில்லை. அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். அந்த அக்காவுக்காகவே பாதி வாழ்க்கையைச் செலவழித்தவளின் பிணத்தின் மேலேயே அந்தப் பொய்யை மறுபடியும் போர்த்தினார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் சிலர் அவளோடு பழகியவர்கள், பலருக்கு விசாலத்தை ‘ஆறாவது கதிரை’ என்ற தொலைக்காட்சித் தொடர் மூலமாகத்தான் தெரியும். அதில் காணாமல் போகும் மூத்த மகளாக நடித்தவள் நான். கண்டியில் இருந்த ஒரு சின்ன நாடகக் குழுவில் நாங்கள் இருவரும் பழகினோம். அவள் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பெழுதும் லிகிதர், நான் பாடசாலை ஆசிரியை. ஒரே வயது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஒத்திகை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மற்றவர்கள் வீட்டுக் கதைகள் பேசுவார்கள். விசாலம் வீட்டைப் பற்றிப் பேசமாட்டாள். அவளுடைய அக்கா கோமதி எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் காணாமல் போய்விட்டாள் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். கோமதி டவுனில் ஒரு கம்பெனியில் தட்டெழுத்தாளராக இருந்தவள். கலவரம் மூண்ட அன்று வேலைக்குப் போனாள், திரும்பவில்லை. அப்படித்தான் வீட்டில் சொன்னார்கள். அந்த வருடத்தில் அதற்கு மேல் ஒருவரும் எதையும் கேட்பதில்லை. கேட்டவர் வீட்டிலும் ஏதாவது ஓர் இழப்பு இருந்தது.

விசாலத்துக்குச் சந்தேகம் வந்தது பல வருடங்கள் கழித்து, அவளுடைய அப்பாவின் கருமாதியில். பிண்டம் வைக்கும்போது குடும்பத்தில் இறந்துபோன மற்றவர்களின் பெயர்களையும் சொல்லும்படி ஐயர் கேட்டிருக்கிறார். சித்தப்பா, அத்தை, குழந்தையிலேயே போன ஒரு தம்பி என்று தர்மலிங்கம் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அக்கா பேரையும் சொல்லுங்கள் என்றாளாம் விசாலம். அண்ணன் ஐயரைப் பார்த்து, அந்தப் பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். அம்மா உடனே எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் ஒத்திகைக்கு வந்தாள். வசனத் தாளை மடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

“செத்துட்டாள்னா பிண்டம் வைக்கணும். சாகலைன்னா தேடணும். ரெண்டும் செய்யலைன்னா என்ன அர்த்தம் சரோஜா?”

வீட்டில் கேட்டுப் பார்த்தாள். அம்மா வாயைத் திறக்கவே இல்லை, அடுத்த வருடமே அவரும் போய்விட்டார். அண்ணன், பழசைக் கிளறாதே என்றார். அண்ணி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கேள்வியைக் கேட்க வேறு வழி தெரியாமல் விசாலம் தொலைக்காட்சிக்கு நாடகம் எழுத உட்கார்ந்தாள். ஒரு வியாபாரக் குடும்பம், சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள், அதில் ஒன்று காலி. இளைய மகள் ஒவ்வொரு வாரமும் வீட்டில் ஒருவரிடம் போய், அக்காவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கிறாள். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். உண்மை என்னவென்று விசாலத்துக்கே அப்போது தெரியாது. அண்ணன் அக்காவை ஏதோ செய்துவிட்டார் என்ற பயம் அவளுக்குள் இருந்தது. ஆனாலும் கடைசி அங்கத்தில் அவள் அக்காவைச் சாகவிடவில்லை. குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. இளையவள் எழுந்து போய்த் திறக்கிறாள். அக்கா உள்ளே வந்து ஆறாவது கதிரையில் உட்கார்ந்து, “நான் செத்துட்டேன்னு யாரு சொன்னது?” என்று கேட்கிறாள். அதோடு தொடர் முடிகிறது. அந்த ஒரு வரிக்காகவே நான் நடிக்கச் சம்மதித்தேன்.

போர்நிறுத்தம் இருந்த சமாதான காலம் அது. மலையகத்துத் தமிழில் ஒரு தொடர் வருவதே அதிசயமாக இருந்தது. பேராதனைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிடித்துப் படமாக்கினோம். ஒளிபரப்பு தொடங்கியதும் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா இல்லையா என்று கேட்டார்கள். அப்பாவாக நடித்தவரை அவருடைய பேரப்பிள்ளைகளே கொலைகாரன் என்று பயந்தார்களாம். விசாலம் சிரித்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான். வீட்டில் அண்ணன் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார். அவள் என் வீட்டுக்கு வந்து பார்ப்பாள், சுவரோடு சாய்ந்து, உதடுகள் வசனத்தோடு சேர்ந்து அசைய.

கடைசி அங்கத்தையும் என் வீட்டில்தான் பார்த்தோம். நாங்கள் நடித்த காட்சி வரவே இல்லை. மகாவலி ஆற்றில் ஒரு சேலை மிதந்து போனது. கரையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். யாரோ ஒருவருடைய குரல், அந்தப் பெண் காதல் தோல்வியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள் என்றும், குடும்ப மானத்துக்காகப் பெரியவர்கள் அதை மறைத்தார்கள் என்றும் விளக்கம் சொன்னது. பிறகு எழுத்துகள் ஓடின. கதை, வசனம்: விசாலாட்சி.  தொலைக்காட்சியை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை, அடுத்த விளம்பரம் ஓடத் தொடங்கிவிட்டது.

எப்படி நடந்தது என்பது ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. தொடருக்கு அனுசரணை கொடுத்த புடவைக் கடை முதலாளி தர்மலிங்கத்தின் கூட்டாளி. அண்ணன் அவரிடம் போனார், அவர் தயாரிப்பாளரிடம் போனார். தயாரிப்பாளர் எங்களிடம் வரவில்லை. ஒரு பின்னேரம் கமராவை ஆற்றங்கரைக்கு அனுப்பியதோடு அவருடைய வேலை முடிந்துவிட்டது. விசாலம் கொழும்புக்கே போய் அவரைப் பார்த்தாள். சனங்களுக்கு ஒரு முடிவு வேண்டும், இது சுத்தமான முடிவு என்றாராம். அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒளிபரப்பாகிவிட்டது, இனி எதை எடுப்பது என்றிருக்கிறார். அதற்குப் பிறகு யாராவது, ஏன் விசாலம் எழுதுவதில்லை என்று கேட்டால் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்:

“எழுதுறத மாத்துவாங்க. பேர மட்டும் மாத்த மாட்டாங்க.”

சில மாதங்கள் கழிந்தன. பேராதனையில் வைத்தியசாலையில் இருந்த ஒரு சக ஆசிரியையைப் பார்க்கப் போயிருந்தேன். பயிற்சித் தாதி ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் நில்மினி, சிங்களப் பெயர். கிட்ட வந்து, தட்டுத் தடுமாறிய தமிழில், அந்த நாடகத்தில் வந்தவர் நீங்கள்தானே என்று கேட்டாள். தன் அம்மா ஒரு வாரம்கூட விடாமல் பார்த்ததாகவும், கடைசி நாள் மட்டும் அழுதுகொண்டே எழுந்து போனதாகவும் சொன்னாள். அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். அம்மா தமிழ்தான், கட்டுகஸ்தோட்டை, ஆனால் அங்கே யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார் என்றாள். அம்மாவின் பெயரைக் கேட்டேன். கோமதி என்றாள். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றேன். கடுகண்ணாவை என்றாள்.

கண்டியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அந்தத் தூரத்தில்தான் கோமதி இருபது வருடமாக உயிரோடு இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் விசாலமும் போனோம். பெரிய வீதிக்குக் கீழே, படி இறங்கிப் போகும் சின்ன வீடு. கதவைத் திறந்தவர் நில்மினியின் அப்பா திலகரத்ன, முன்பு பஸ் கொண்டக்டராக இருந்தவர். எங்களைப் பார்த்ததும் அவருக்கு யாரென்று விளங்கிவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு, தேநீர் போட அவரே குசினிக்குப் போனார். கோமதி வந்தாள். நரை ஓடிய தலை, விசாலத்தின் அதே நாடி. தங்கையைப் பார்க்காமல் என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

“நீங்கதானே நான்?” என்றாள்.

 பிறகுதான் விசாலத்தின் பக்கம் திரும்பினாள். “அந்த முடிவையும் நீங்கதான் எழுதுனீங்களா?”

அக்கா தன்னை ‘நீங்க’ என்றதில் விசாலம் உடைந்துபோனாள். இல்லை அக்கா, நான் எழுதியது வேறு என்றாள். ஆனால் பெயர் போட்டிருந்தார்களே என்றாள் கோமதி. விசாலம் தான் எழுதிய காட்சியை அந்த மண் தரையில் நின்றபடியே சொன்னாள். மேசை, கதவு தட்டும் சத்தம், இளையவள் எழுந்து போவது, கதிரை, அந்தக் கேள்வி, எல்லாம். கோமதி கடைசிவரை கேட்டாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா நான் அப்படித்தான் வந்தேன். கதவத்தான் சாத்திக்கிட்டாங்க.”

நடந்ததை அன்றைக்குத்தான் கேட்டோம். கலவரம் மூண்டபோது அவள் திலகரத்னவின் பஸ்ஸில் இருந்தாள். அவளை முன் ஆசனத்துக்குக் கீழே இருத்தி, கடுகண்ணாவையில் தன் தாயாரின் வீட்டுக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தவர் அவர். தமிழரைத் தேடிக்கொண்டு வந்தவர்களிடம் அந்தத் தாய், இங்கே என் மருமகள்தான் இருக்கிறாள் என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார். நிலைமை கொஞ்சம் அடங்கி, ஊரடங்கைத் தளர்த்திய ஒரு பகலில், தாயும் மகனுமாக அவளைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். அப்பா வாசலில் வந்து நின்றார். அண்ணன்தான் பேசினார். சிங்கள வீட்டில் தங்கியவளை உள்ளே எடுத்தால் நாளைக்கு விசாலத்துக்கு மாப்பிள்ளை வராது என்றார். ஊருக்கு நீ செத்துவிட்டாய், அப்படியே இரு என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விசாலமும் அண்ணியும் அந்தச் சமயம் மாத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்த பாதையில், எனக்கு இனி யாரும் இல்லை என்று கோமதி சொன்னாளாம். சும்மா வாய்ப்பேச்சாகச் சொன்ன மருமகளை அந்தத் தாய் பிறகு உண்மையாகவே மருமகளாக்கிக்கொண்டார்.

அம்மாவுக்குத் தெரியுமா என்று விசாலம் கேட்டாள். இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

“ஜன்னல்ல நின்னாங்க,” என்றாள் கோமதி. “நான் பார்த்தேன். அவங்களும் பார்த்தாங்க.”

இத்தனை வருடமாக ஏன் தன்னைத் தேடி வரவில்லை என்றும் விசாலம் கேட்டாள். அதற்கும் பதில் இருந்தது. ஒருமுறை கண்டிச் சந்தையில் கோமதி தங்கையை நேருக்கு நேர் பார்த்திருக்கிறாள். விசாலம் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து போய்விட்டாளாம். இவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது என்று அதன் பிறகு கிட்டப் போகவில்லை. விசாலத்துக்குக் கிட்டப் பார்வை என்பதும், நாற்பது வயது வரை கண்ணாடி போட வெட்கப்பட்டாள் என்பதும் அவளோடு பழகிய நமக்கெல்லாம் தெரியும். தெருவில் நம்மில் யாரைத்தான் அவள் அடையாளம் கண்டிருக்கிறாள்? அதை நான் சொன்னபோது கோமதி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றாள்.

மறுநாள் விசாலம் அலுவலகத்துக்கு விடுமுறை போட்டுவிட்டு அண்ணனின் இரும்புக் கடைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். ஆட்கள் ஆணியும் கம்பியும் வாங்கிக்கொண்டிருந்த நேரம். குரலை உயர்த்தாமல், நேற்று அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள். தர்மலிங்கம் வாடிக்கையாளர்களைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். “எல்லாம் உனக்காகத்தானே செஞ்சோம்,” என்றார். அவருக்கு அப்போதே ஐம்பது கடந்திருந்தது. விசாலம் நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை அந்த வீட்டில் எப்போது கைவிட்டார்கள் என்று யாருக்குமே ஞாபகம் இல்லை. அந்த வாரமே அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறி, பேராதனை வீதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். சாமான் ஏற்றும்போது என்னிடம் சொன்னாள்: “என் கல்யாணத்துக்காக ஒரு உயிர விலையா குடுத்திருக்காங்க. கல்யாணமும் இல்ல.”

சகோதரிகள் சேர்ந்துவிட்டார்கள், எல்லாம் சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. விசாலம் மாதம் ஒருமுறை தவறாமல் கடுகண்ணாவைக்குப் போனாள். கோமதி ஒரு தடவைகூடக் கண்டிக்கு வரவில்லை. வாசலில் நின்று ‘வாங்க’ என்பாள், போகும்போது ‘போயிட்டு வாங்க’ என்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. விசாலத்துக்கு அந்த மரியாதைதான் தண்டனை. நான் எழுதாத முடிவை இன்னமும் நான் எழுதியதாகத்தான் அக்கா நினைக்கிறாள் என்பாள். கடைசியில் கோமதி நோயில் விழுந்து படுக்கையான பிறகு ஒரு நாள், விசாலம் கதவருகே நிற்பதைப் பார்த்து, “ஏன்டி அங்கேயே நிக்கிற?” என்றாளாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். ஏதோ பரிசு வாங்கியவளைப் போலச் சொன்னாள். அதற்குப் பிறகு கோமதிக்கு அதிக காலம் இருக்கவில்லை.

கோமதியின் சாவு வீட்டில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். பிக்குகள் வந்து ஓதினார்கள். திலகரத்ன ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். தமிழில் அழ ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அதற்கு முதல் நாள் விசாலம் தர்மலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். வராவிட்டாலும் பரவாயில்லை, வானொலியில் ஓர் அறிவித்தல் கொடுங்கள், எங்கள் கோமதி என்று சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் சொன்ன பதிலை அவள் திருப்பிச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“செத்தவ ரெண்டு தடவ சாவாளா?”

அந்த அண்ணன் வீட்டுக்குத்தான் விசாலத்தின் உடலைக் கொண்டுபோனார்கள். வைத்தியசாலையில் அண்ணன் என்று எழுதிக் கையொப்பம் வைக்க அவருக்கு உரிமை இருந்தது, எனக்கு இருக்கவில்லை. குருநாகலில் தாதியாக இருக்கும் நில்மினிக்கு நான்தான் சொன்னேன். அவள் வெள்ளைச் சேலையில் வந்தாள். வாசல் கேட்டருகே தர்மலிங்கத்தின் மகன், யார் இவர் என்று கேட்டார். நான் உரத்த குரலில், விசாலத்தின் அக்கா மகள் என்றேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தர்மலிங்கம் கதிரையை விட்டு எழவில்லை. இப்போது அவர் கைத்தடியோடு நடக்கும் கிழவர். அவர்மேல் எனக்கு இரக்கம் வருகிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. நில்மினி நேரே போய்ச் சித்தியின் காலடியில் பூ வைத்துக் கும்பிட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் இங்கே உட்காருங்கள் என்று சொல்லவும் இல்லை.

உடலை எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று பேர் பேசினார்கள். விசாலம் பொறுமைசாலி என்றார்கள், எவரையும் மன்னிக்கும் மனம் படைத்தவர் என்றார்கள். அவளோடு பழகிய நீங்கள் அதை நம்பிவிடக் கூடாது. வைத்தியசாலையில் நான் கடைசியாகப் பார்த்த அன்று, அண்ணனுக்கு ஆள் அனுப்பட்டுமா, பேசித் தீர்த்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நான் மன்னிச்சா அவருக்கு நல்லா நித்திரை வரும்,” என்றாள். “அக்காவுக்கு என்ன வரும்?”

அவளுடைய புத்தகங்களை நில்மினி எடுத்துக்கொண்டாள். அறையை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எனக்கென்று அவளிடமிருந்து மிஞ்சியிருப்பது அந்தக் கோபம்தான். ஆறப்போடு, வயதாகிவிட்டது, அவர்களும் மனிதர்கள்தானே என்று சொல்பவர்கள் இப்போதே வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு நான் தேநீர் கொடுத்து அனுப்புகிறேன். விசாலத்தின் கோபத்தை மட்டும் அவர்களிடம் கொடுக்கமாட்டேன். நான் இருக்கும் வரைக்கும் அது சூடாகவே இருக்கும்.